கடல் கடந்தவர்களின் கோயில்

சிங்கப்பூர் போய்விட்டு நேற்றுதான் காரைக்குடி திரும்பினேன். தெலோக் ஆயர் தெருவின் தியான் ஹோக் கெங் கோயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். உயிரோடு கரையேறிய சீனர்கள், மாட்சு என்னும் கடல் தெய்வத்துக்கு நன்றி சொன்ன இடம். 1839 முதல் 1842 வரை கட்டியிருக்கிறார்கள். அன்று எதிரே கடல். பின்னாளில் அதைத் தூர்த்துவிட்டார்கள், இப்போது அலுவலகக் கட்டடங்கள்தான். அதே தெருவில் தமிழ் முஸ்லிம்கள் 1828–1830இல் எழுப்பிய நாகூர் தர்கா. நாகூர் ஆண்டவரும் கப்பல்காரர்களின் காவலர்தானே!

கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நம் நகரத்தார்களின் கிட்டங்கிகள் (தொழிலிடமும் தங்குமிடமும் சேர்ந்தவை) மார்க்கெட் தெருவில் இருந்தன, பொடிநடைத் தூரம். படங்களைப் பார்த்த அப்பத்தா, "அந்த அம்மனுக்கு என்ன படைக்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டார். ஆரஞ்சுப் பழம் என்றேன்.

நுழைவுக் கட்டணம் இல்லை. சிங்கப்பூர் போகிறவர்கள் கடைவீதியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு பார்த்துவிட்டு வாருங்கள்.