ஒரு ‘வாங்க’வுக்கு ஏழு மாதம்

ஏழு மாதமாக ஒரே சிறுகதையைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். பகலில் கணக்கு எழுதுகிற வேலை. ராத்திரி சாப்பாடு முடிந்து ஒன்பதரைக்கு மேல் கிடைக்கிற ஒரு மணி நேரம்தான் கதைக்கு. அதில் பாதி நாள் தூங்கிவிடுவேன். இருந்தாலும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, அதைக் குறித்து வைக்கலாம் என்று தோன்றியது.

கதை சின்னதுதான். அப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்துவிடுகிறார். பாளையங்கோட்டை வீட்டை விற்க வேண்டும் என்று அண்ணன், முக்கூடலில் வாக்கப்பட்ட தங்கையிடம், பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டு வருகிறான். அவளும் போட்டுக்கொடுக்கிறாள். முதல் வடிவம் 2,900 சொல் வந்தது. ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன், பதில் இல்லை. இப்போது எடுத்துப் படித்தால் நானே பதில் போட்டிருக்க மாட்டேன்.

முதலில் செய்தது படியெடுத்தல். அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ கதையை நோட்டில் கையால் எழுதினேன். கல்லூரிக்குப் பிறகு இவ்வளவு பேனா பிடித்ததில்லை, நடுவிரலில் காய்ப்பே வந்துவிட்டது. நாலைந்து தடவை படித்த கதைதான். ஆனால் கை நோகும்போதுதான் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. ஜெமினி ஸ்டுடியோவில் பல வருஷம் வேலை பார்த்தவர் அவர். கதை ஒரு சினிமாக் கம்பெனி ஆபீஸின் மந்தமான பொழுதில், பெரிய வேலை எதுவும் இல்லாத ஆட்களோடு தொடங்குகிறது. புலி, அதாவது புலிவேஷக்காரன், வர நேரமாகிறது. வந்து, பாய்ந்து, எல்லாரையும் மிரட்டி முடித்தபின் அந்த ஆள் மறுபடி வேலை கேட்டு நிற்கிற ஏழையாகிவிடுகிறான். ‘பாவம்’ என்று நாம் சொல்லிக்கொள்கிறோம், அசோகமித்திரன் சொல்வதில்லை. என் கதையிலோ நாலாவது வரியிலேயே தங்கையின் கண் கலங்கிவிட்டது.

சரி, நம்முடையதில் எத்தனை இடத்தில் இப்படி என்று பார்க்க, கணக்குக்காரன் புத்தியில் ஒரு வழி தோன்றியது. கணினியில் ‘த்துடன்’ என்று கொடுத்துத் தேடினேன். 31 இடம் காட்டியது. இரண்டு ‘குடும்பத்துடன்’, அதை விட்டுவிடலாம். மீதியெல்லாம் ஏக்கத்துடன் பார்த்தாள், ஆதங்கத்துடன் கேட்டாள், தயக்கத்துடன் நின்றான் வகை. ஒன்று ‘இனம்புரியாத சோகத்துடன்’. எழுதும்போது அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வரி.

எல்லாவற்றையும் அழித்தேன். பெரும்பாலான வரிகள் ஒன்றும் ஆகாமல் நின்றன. ஆறேழு மட்டும் பொத்தென்று விழுந்தன. உதாரணத்துக்கு, “சரி, போடுறேன்” என்றாள் ஆதங்கத்துடன். ஆதங்கத்தை எடுத்தால் பேச்சில் எதுவுமே இல்லை. முட்டுக்கொடுத்து நிறுத்திய சுவர் மாதிரி. அந்த இடத்தில் அவள் என்னதான் சொல்வாள் என்று பத்து நாள் யோசித்து “எங்க போடணும்?” என்று மாற்றினேன். இரண்டே சொல். பத்து நாள் செலவு நியாயமா என்று கேட்காதீர்கள்.

அடுத்தது வட்டார வழக்கு. இதில்தான் நன்றாகச் சறுக்கினேன். நான் நெல்லைக்காரன், ஆனால் வேலைக்கென்று ஊரைவிட்டு வந்து பல வருஷம் ஆனதில் என் பாத்திரங்கள் டிவி சீரியல் தமிழ் பேசிக்கொண்டிருந்தன. கி.ராஜநாராயணன் தொகுத்து 1982இல் வந்த கரிசல் வட்டார அகராதி நண்பரிடம் இருந்தது, வாங்கிவந்தேன். படிக்கப் படிக்க ஆசை தாங்கவில்லை. கண்ட சொல்லையெல்லாம் கதைக்குள் இறக்கினேன். என்னதான் பக்கத்து மண் என்றாலும் கரிசல் வேறு, ஆற்றங்கரை வேறு. போதாக்குறைக்கு வரிக்கு வரி ஒரு ‘ஏலே’. அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “இதுல ஒருத்தியும் பேசல. எல்லாரும் நடிக்காவ” என்றாள்.

அந்த வடிவத்தைக் குப்பையில் போட்டேன். (அகராதியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.)

வழி கிடைத்ததும் அம்மாவிடமிருந்துதான். மாமா போன் பண்ணினால் அம்மா எப்போதும் “எங்கண்ணே இருக்க? சாப்பிட்டியா?” என்றுதான் ஆரம்பிப்பாள். ஒரு கல்யாண வீட்டில் இரண்டு பேருக்கும் மனஸ்தாபம். அதற்கப்புறம் வந்த முதல் போனுக்கு அம்மா, “சொல்லுங்க” என்றாள். குரல் உயரவில்லை, முகமும் மாறவில்லை. அந்த ஒரு ‘ங்க’தான். மாமாவுக்கு அந்தப் பக்கம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே வயிற்றைப் பிசைந்தது.

அன்று ராத்திரி கதையை எடுத்தேன். பழைய நினைவு வருகிற இடத்தில் தங்கை “வாண்ணே, சாப்பிட்டியா?” என்கிறாள். பத்திரத்தோடு அண்ணன் வருகிற அன்றைக்கு “வாங்க. சாப்பிட்டியளா?” என்கிறாள். அதற்குப் பின்னால் அவள் மனசை விளக்கி மூன்று பத்தி வைத்திருந்தேன். மூன்றையும் அழித்துவிட்டேன். வினைமுற்றின் வாலிலேயே உறவு எவ்வளவு தூரம் என்று காட்ட முடிகிற மொழியை வைத்துக்கொண்டு இத்தனை நாள் ‘த்துடன்’ தேடி அலைந்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு விஷயப்பிழை. முதல் வடிவத்தில் அவள் வீட்டுத் திண்ணையிலேயே கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவாள். பத்திரம் எழுதுகிற நண்பர் சிரித்தார். வீட்டுப் பங்கை விட்டுக்கொடுப்பதென்றால் பத்திரப்பதிவு ஆபீசுக்கு வந்து பதிவு பண்ணியாக வேண்டும். அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடு, உயில் இல்லை என்றால் 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் பங்கு உண்டு என்றும் சொன்னார். அதாவது அண்ணன் ஒரு சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, அவள் தயவு இல்லாமல் அவனால் விற்க முடியாது. இது தெரிந்ததும் அவன் நடக்கிற நடையே எனக்கு வேறாகத் தெரிந்தது.

சொந்த வேலையாக ஒருநாள் அந்த மாதிரி ஆபீசில் காத்திருந்தபோது எனக்கு முன்னால் ஒரு அம்மா. போட்டோ எடுத்தாயிற்று, கருவியில் கட்டைவிரல் ரேகை மட்டும் விழவில்லை. “பீடி சுத்துற கை” என்றார் கூட வந்தவர். இலையிலும் தூளிலும் வருஷக்கணக்காகத் தேய்ந்த விரல். துடைத்துத் துடைத்து நாலைந்து தடவை வைத்தார்கள். பீடி சுற்றுகிற ஊரான முக்கூடல் என்று எழுதிவிட்டு என் கதைத் தங்கைக்கு ஒரு வேலை கூடக் கொடுக்காமல் வைத்திருந்தேனே என்று அங்கேயே வெட்கமாக இருந்தது.

இப்போது கதை 1,640 சொல்லில் நிற்கிறது. குறை இன்னும் இருக்கிறது. அண்ணன் பேச்சில் என் வாடை போகவில்லை, கணக்குப் பிள்ளை மாதிரியே பேசுகிறான். என் மனைவி படித்துவிட்டு, “அந்தாளு பொண்டாட்டி எங்க?” என்று கேட்டதற்கும் என்னிடம் பதில் இல்லை.

கடைசிக் காட்சியில் தங்கையின் ரேகை விழவில்லை. அண்ணன் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து அவள் கட்டைவிரலைத் துடைத்துவிட்டு, “நல்லா அழுத்து பிள்ள” என்கிறான். அந்த ‘பிள்ள’ வேண்டுமா வேண்டாமா என்பதுதான் இந்த வாரம் முழுக்க ஓடுகிற பிரச்சினை. இரண்டு தடவை எடுத்தேன், மூன்று தடவை வைத்தேன். இன்றைய நிலவரப்படி இருக்கிறது.