'கோ'வுக்கு ஏன் 'வென்ட்'?

பன்னிரண்டு வருஷமாக எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். போன வியாழக்கிழமை மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, லீவுக்கு ஆச்சி வீட்டுக்குப் போனதைப் பற்றி ஐந்து வரி எழுதினாள். முதல் வரியே 'ஐ கோட்' என்று தொடங்கியது. 'கோ'வுக்குப் பின்னால் 'ஈ-டி' ஒட்டியிருந்தாள். வழக்கம்போல் சிவப்புப் பேனாவால் அடித்து மேலே 'வென்ட்' என்று எழுதினேன். அவள் நோட்டை வாங்காமல் நின்றாள்.

"வாக், வாக்டு. ப்ளே, ப்ளேடு. இது மட்டும் ஏன் மிஸ் வேற யாரோ மாதிரி ஆயிடுது?"

"அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ" என்று அனுப்பிவிட்டேன். ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போதுதான் உறைத்தது. 'வேற யாரோ மாதிரி' என்று அவள் சொன்னது அச்சு அசலான உண்மை. எம்.ஏ.வில் மொழி வரலாற்றுத் தாளில் படித்திருக்கிறேன். படித்ததைச் சொல்லாமல் குழந்தையின் வாயை அடைத்துவிட்டேன்.

'வென்ட்', 'கோ'வின் இறந்தகாலமே இல்லை. அது 'வெண்ட்' என்ற இன்னொரு வினைச்சொல்லின் இறந்தகாலம். செண்டு, வண்டு என்று சொல்லும்போது வருமே, அந்த மெல்லிய ஒலி 'வெண்ட்'டின் கடைசியில் உண்டு. 'செண்ட்' இறந்தகாலத்தில் 'சென்ட்' ஆகிறது, 'பெண்ட்' 'பென்ட்' ஆகிறது, 'ஸ்பெண்ட்' 'ஸ்பென்ட்' ஆகிறது. அதே வரிசையில் 'வெண்ட்' 'வென்ட்' ஆனது. அந்தக் குடும்பத்துக்குள் பார்த்தால் 'வென்ட்' ஒழுங்கான பிள்ளை. வேறு வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பதால்தான் விநோதமாகத் தெரிகிறது.

'வெண்ட்'டுக்கு முதலில் 'திருப்பு' என்று பொருள். சுற்று, வளை என்ற பொருளுள்ள 'வைண்ட்' தன்வினை. அதன் பிறவினை 'வெண்ட்'. நம் 'திரும்பு', 'திருப்பு' ஜோடி மாதிரியேதான். ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் வண்டியைத் திருப்புவதை 'வெண்டன்' என்கிறார்கள். இங்கிலீஷில் 'திருப்பு' மெல்ல மெல்லத் தன்னைத் திருப்பிக்கொள்வதாகி, பிறகு 'ஒரு திசையில் செல்' என்று ஆகிவிட்டது. நாமும் 'ஊர் திரும்பினான்' என்றால் அவன் சுற்றி நின்றதையா சொல்கிறோம்?

இங்கிலீஷ் கவிஞர் சாசர் 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய கேன்டர்பரி கதைகளின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் எல்லா ஜில்லாக்களிலிருந்தும் யாத்திரிகர்கள் கேன்டர்பரிக்குச் செல்கிறார்கள் என்று ஒரு வரி வரும். அங்கே 'செல்கிறார்கள்' என்பதற்கு அவர் போட்டிருக்கும் சொல் 'வெண்ட்'தான், நிகழ்காலத்தில். அப்போது அது தன் காலிலேயே நின்ற சொல்.

அப்படியானால் 'கோ'வுக்குச் சொந்தமாக ஒரு இறந்தகாலம் இருந்திருக்கும், அதைத்தான் 'வென்ட்' துரத்திவிட்டது என்று நினைப்போம். அதுவும் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய இங்கிலீஷில் 'கோ'வின் வடிவம் 'கான்'. 'போனான்' என்பதற்கு அவர்கள் சொன்னது 'ஏஓடெ'. இரண்டுக்கும் ஒலியில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பெயோவுல்ஃப் காவியத்தில் ஹ்ரோத்கார் அரசனின் விருந்து மண்டபத்தில் ராணி முன்னே வரும் இடத்தில் இந்த 'ஏஓடெ' இருக்கிறது. பிற்காலத்தில் அது 'யீட்', 'யோட்' என்றெல்லாம் தேய்ந்தது. 'வெண்ட்' பக்கத்திலேயே இருந்தது, பொருளும் அதேதான். 1500 வாக்கில் 'வென்ட்' அந்த இடத்துக்கு வந்துவிட்டது. இரவல் போய் இன்னொரு இரவல். பிள்ளையைப் பறிகொடுத்த 'வெண்ட்', 'வெண்டட்' என்று புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொண்டு, 'வெண்ட் ஒன்ஸ் வே' (தன் வழியே போவது) என்ற ஒரே தொடரில் ஒதுங்கி வாழ்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி வடக்கே இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 'கோ'வை 'கே' என்பார்கள். அவர்கள் 'வென்ட்'டை இரவல் வாங்கவில்லை. 'கே'யுடன் 'ஈ-டி' சேர்த்து 'கேட்' என்று வைத்துக்கொண்டார்கள். ராபர்ட் பர்ன்ஸின் கவிதையில் 'ஐ கேட்' என்றே வருகிறது. யோசித்துப் பாருங்கள்: என் திண்ணையில் அந்தப் பெண் செய்தது அதே வேலை. ஒரு ஜனமே நடந்த வழியில் அவளும் நடந்திருக்கிறாள், நான் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன்.

இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளும் இப்படித்தான். முதலில் காதில் விழுந்தபடி 'வென்ட்' என்பார்கள். விதி பிடிபட்டதும் 'கோட்' என்பார்கள். பிறகு மறுபடி 'வென்ட்'டுக்கு வருவார்கள். நடுவில் வரும் அந்தத் தப்பு, விதியைத் தானே கண்டுபிடித்த மூளையின் அடையாளம். மனப்பாடம் மட்டும் செய்கிற பிள்ளைக்கு அந்தத் தப்பு வராது.

தினமும் நூறு தடவை வாயில் வருவதால்தான் 'வென்ட்' இன்னும் பிழைத்திருக்கிறது. குறைவாகப் புழங்கும் சொற்கள் காலப்போக்கில் ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன. 1611இன் பைபிளில் 'ஹெல்ப்'புக்கு 'ஹோல்ப்பன்' என்று ஒரு வடிவம் உண்டு, இன்று 'ஹெல்ப்டு'தான். 'கோ'வை அப்படி யாரும் ஒழுங்குபடுத்த முடியாது. எத்தனை வேலை செய்கிறது அது! பால் கெட்டால் 'கோ'. ஆள் காணாமல் போனால் 'கோ'. மழை பெய்யப்போகிறது என்றாலும் 'கோயிங் டு'. கெட்டுப்போச்சு, தொலைஞ்சு போச்சு, பெய்யப்போகுது என்று நம் 'போ'வும் இதே பாடு படுகிறது. எங்கேயோ வளர்ந்த இரண்டு மொழிகள் ஒரே வேலையை ஒரே சொல்லின் தலையில் கட்டியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

திங்கட்கிழமை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, நோட்டில் நான் அடித்த இடத்தைக் காட்டி, "நீ கேட்டது நல்ல கேள்வி, அன்னைக்கு மிஸ் சரியா பதில் சொல்லலை" என்றேன். வென்ட் வந்த கதையைச் சொன்னேன். ராணியும் காவியமும் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ஸ்காட்லாந்து என்றதும் நிமிர்ந்தாள்.

"அப்ப அந்த ஊர்ப் பிள்ளைங்க பரீட்சையில என்ன மிஸ் எழுதுவாங்க?"

"இங்கிலீஷ் பரீட்சைன்னா வென்ட்தான். வீட்டுல பேசும்போது கேட்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு வரியில் 'வென்ட்' என்று திருத்தி எழுதிவிட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, 'கே, கேட்' என்று பென்சிலால் எழுதிச் சுற்றி ஒரு கட்டம் போட்டுக்கொண்டாள்.