மசக்கையில் சலத்தைக் கவனியுங்கோ

"எத்தனை தரம் சத்தி எடுத்தவ?" என்றுதான் வீட்டில் கேட்பினம். அதைவிடப் பெரிய கேள்வி, "சலம் போனதா, என்ன நிறம்?" என்பது. எட்டு மணித்தியாலமாகச் சலமே போகவில்லை, அல்லது கடும் சாயத்தேத்தண்ணி நிறத்தில் போகுது என்றால் உடம்பு வறண்டுபோச்சு. வன்னியின் சித்திரை வெயிலில், தகரக்கூரைக்குக் கீழே இது ஒரே நாளில் நடக்கும்.

ஓங்காளம் பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில் தொடங்கி, 9ஆம் வாரமளவில் உச்சம் தொட்டு, 16 முதல் 20 வாரத்துக்குள் அடங்கும். காலையில் மட்டும்தான் வரும் என்பது பிழை. இதில் சூல்வித்தகத்திலிருந்து (நச்சுக்கொடியிலிருந்து) வரும் ஜிடிஎஃப்15 என்ற ஓமோனுக்குப் பெரிய பங்கு உண்டென்று 2023இல் ஆய்வு வெளிவந்தது. ஆகவே "செல்லம் கொண்டாடுறாள்" என்று பேசுவது அநியாயம். இரட்டைப்பிள்ளை, முந்தைய பேற்றிலும் கடுஞ்சத்தி, தாய்க்கோ சகோதரிக்கோ இருந்தது, பஸ்ஸில் சத்தி வரும் உடம்பு, ஒற்றைத் தலையிடி: இவர்களுக்குக் கூடுதலாக வரும்.

வெறுவயிறு சத்தியைக் கூட்டும். தலைமாட்டில் இரண்டு கிறீம் கிறாக்கர் வையுங்கோ. படுத்தபடியே கடித்துத் தின்று, 15 நிமிடம் கழித்து மெல்ல எழும்பட்டும். பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா அரைக்கோப்பை அளவு சாப்பாடு. ஆறின சோறும் தயிரும் மணம் குறைவு, அதனால் வயிற்றில் நிற்கும். கருவாடு பொரிக்கிறதும் தாளிக்கிறதும் வேறு ஆள் பார்க்கட்டும். சாப்பாட்டோடு தண்ணி வேண்டாம். அரை மணித்தியாலம் விட்டு மிடறு மிடறாகக் குடிக்க வேணும். ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த கரைசல் தூள்) என்றால் ஒரு பைக்கற்றுக்குக் கொதித்தாறின தண்ணி ஒரு லீற்றர், குறைக்கக் கூடாது. 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கோ.

போலிக் அமிலத்தை நிறுத்த வேண்டாம். இரவில் சாப்பிட்ட பிறகு போடலாம். இரும்புக்குளிசைதான் பிரட்டுது என்றால் எறியாமல் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கோ.

காய்ச்சலோடு சத்தி என்றால் அதை மசக்கை என்று விடாதேங்கோ. டெங்குவாகவோ எலிக்காய்ச்சலாகவோ இருக்கலாம். சலக்கடுப்பு, வயிற்றுநோ, சத்தியில் இரத்தம், 24 மணித்தியாலமாக ஒன்றும் தங்காதது, 50 கிலோ ஆளுக்கு 2.5 கிலோ குறைவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ.

"ஒரு குளுக்கோஸ் போத்தல் ஏத்தினால் சரி" என்று தனியாரிடம் கொண்டுபோக வேண்டாம். கனநாள் பட்டினி கிடந்த உடம்புக்கு வைற்றமின் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். எத்தனை நாளாகச் சாப்பாடு தங்கவில்லை என்பதை, ஆஸ்பத்திரிக்குள்ளே போனதும் முதலில் டொக்டரிடம் சொல்லுங்கோ.