போஸ்ட்கிரெஸ் பேக்கப்: எந்த வடிவில் எடுப்பது?

2024 ஜூன் 3, திங்கள்

எங்கள் நூலகத்தின் தரவு போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் இருக்கிறது. காலை பத்தரை மணிக்கு உடன் வேலை பார்க்கும் தம்பி வந்து, "அண்ணா, அப்டேட்ல வேர் கண்டிஷன் போடாம ஓட்டிட்டேன்" என்றான். எந்த வரிசையை மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையே இல்லாத கட்டளை அது. நூலகத் தரவுத்தளத்தின் உறுப்பினர் அட்டவணையில் எல்லோருக்கும் ஒரே முகவரி பதிவாகியிருந்தது. முந்தைய இரவின் பேக்கப் கையில் இருந்தது. ஆனால் அது, பேக்கப் எடுக்கும் கருவியான பிஜிடம்ப், வேறெதுவும் சொல்லாவிட்டால் தரும் சாதாரண எஸ்கியூஎல் உரைக்கோப்பு, விரித்தால் 38 ஜிபி. அதை மீட்கும் கருவியான பிஜிரீஸ்டோரிடம் கொடுத்தால், இது உரைவடிவம், எஸ்கியூஎல் கட்டளைகளை ஓட்டும் பிஎஸ்கியூஎல்லைப் பயன்படுத்துங்கள் என்று சொல்லி நின்றுவிடும். ஆகவே, அந்த அட்டவணையின் தரவு தொடங்கும் 'காப்பி' வரியில் தொடங்கி, பின்சாய்வுக்கோடும் ஒரு புள்ளியும் மட்டுமே உள்ள வரி வரை உரையை வெட்டும் செட் கருவியால் வெட்டியெடுத்து, தனி ஸ்கீமாவில் (தரவுத்தளத்துக்குள் ஒரு தனிப் பிரிவில்) ஏற்றி, உறுப்பினர் எண்ணைக் கொண்டு முகவரிகளைத் திருப்பி எழுதினேன். முடிந்தபோது மாலை மூன்றரை. அதில் வேலை நேரம் குறைவு. கோப்பு விரிவதற்குக் காத்திருந்த நேரமே அதிகம்.

ஜூன் 5, புதன்

பிஜிடம்ப் தரும் நான்கு வடிவங்களையும், அதாவது உரை, டார், கஸ்டம், டைரக்டரி, வரிசையாகப் பார்த்தேன். உரைவடிவத்தின் நன்மையை மறுப்பதற்கில்லை: எந்த எடிட்டரிலும் திறக்கலாம், தமிழ் நூற்பெயர்கள் அப்படியே கண்ணில் படும். டார் வடிவத்தை உடனே ஒதுக்கினேன். அதில் சுருக்கம் இல்லை, பல இழைகளில் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளில்) இணையாக மீட்கவும் முடியாது. எஞ்சியவை கஸ்டம், டைரக்டரி ஆகிய இரண்டும். இரண்டிலும் தரவு தானாகவே சுருக்கப்படுகிறது, அட்டவணையைத் தேர்ந்து மீட்கலாம், இணையாக மீட்கலாம். இணையாகப் பேக்கப் எடுப்பது மட்டும் டைரக்டரி வடிவத்துக்கே உரியது.

ஜூன் 6, வியாழன்

டைரக்டரி வடிவத்தில் நான்கு இழைகள் கொடுத்து எடுத்துப் பார்த்தேன். நான்கு இழைக்கு ஐந்து இணைப்புகள் திறக்கும் என்பதை மறந்து, இணைப்பு வரம்பை இறுக்கி வைத்திருந்த சோதனைச் சர்வரில் முதல் முயற்சியிலேயே தடுக்கப்பட்டேன். வரம்பை உயர்த்தி ஓட்டியபோதும் எதிர்பார்த்த வேகம் வரவில்லை. காரணம் எளிது: ஓர் அட்டவணையை ஓர் இழைதான் எடுக்கும், எங்கள் தரவில் பாதிக்கு மேல் கடன்பதிவு என்ற ஒரே அட்டவணை. மூன்று இழைகள் சில நிமிடங்களில் வேலையை முடித்துக்கொள்ள, நான்காவது தனியாக அந்த ஒன்றையே இழுத்துக்கொண்டிருந்தது. தரவு பல அட்டவணைகளில் சீராகப் பரவியிருப்பவர்களுக்கு இந்த வடிவம் நன்றாகப் பயன்படும். எங்களுக்கு அந்த ஆதாயம் இல்லாதபோது, ஒரே கோப்பாக நகர்த்தவும், கோப்பு சிதையவில்லை என்று செக்சம் பார்க்கவும் வசதியான கஸ்டம் வடிவம் போதும் என்று தோன்றுகிறது.

ஜூன் 11, செவ்வாய்

கஸ்டம் வடிவத்தில் எடுத்ததை, வட்டில் இடம் மிச்சமாகட்டும் என்று, உள்ளூர் வட்டில் கோப்பாக எழுதாமல் பைப் வழியாக நேரே பேக்கப் சர்வருக்கு அனுப்பினேன். எடுப்பதில் சிக்கல் இல்லை, மீட்கும்போதுதான் மாட்டிக்கொண்டேன். எந்த அட்டவணையின் தரவு கோப்பில் எங்கே தொடங்குகிறது என்ற இடக்குறிப்பை, பிஜிடம்ப் இறுதியில் கோப்பின் தொடக்கத்துக்குத் திரும்பிச் சென்று எழுதுகிறது. பைப்பில் அப்படித் திரும்ப வழியில்லை. இடக்குறிப்பு இல்லாத கோப்பை இணையாக மீட்க முயன்றால், ஒவ்வோர் இழையும் தன் அட்டவணையைக் கோப்புக்குள் தேடிக்கொண்டே போகிறது. இனி முதலில் உள்ளூர் வட்டில் எழுதி, பிறகே நகலெடுப்பது.

இசட்ஸ்டாண்டர்ட் சுருக்கத்தையும் பார்த்தேன். 2023இல் வந்த போஸ்ட்கிரெஸ் 16ஆம் பதிப்பிலிருந்து பிஜிடம்பில் அது உண்டு. ஆனால் மாற்றுச் சர்வரில் இருப்பது 15. ஆகவே சுருக்கத்தைச் சோதிக்கும் நிலைக்கே போகவில்லை: கோப்பின் தலைப்பில் 1.15 என்ற கோப்புவடிவப் பதிப்பைக் கண்டவுடனேயே அங்கிருந்த பிஜிரீஸ்டோர் மறுத்துவிட்டது. ஜிஜிப் என்ற வேறு சுருக்க முறையில் சுருக்கினாலும் இதே பதில்தான். அந்தச் சர்வரை மேம்படுத்தாமல், பிஜிரீஸ்டோர் படிக்கும் எந்த வடிவத்தைத் தேர்ந்தும் பயனில்லை.

ஜூன் 14, வெள்ளி

மாற்றுச் சர்வரை 16க்கு மாற்றியாயிற்று. ஜூன் 3 திங்கட்கிழமை விபத்தையே ஒத்திகையாக நடத்தினோம். தம்பி அட்டவணைப் பெயரை மட்டும் கொடுத்து மீட்டான். தரவு விரைவில் வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியும், தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ்களும் வரவில்லை. பிஜிடம்பில் '-t' என்ற எழுத்தோடு அட்டவணைப் பெயரைக் கொடுத்தால் அதைச் சார்ந்தவையும் கூடவே வரும். பிஜிரீஸ்டோரில் அதே எழுத்தைக் கொடுத்தால் வருவதில்லை. ஒரே எழுத்துக்கு இரண்டு கருவிகளில் இரண்டு பொருள் வைத்தது எனக்கு எரிச்சலூட்டுகிறது, கையேட்டில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள் என்றபோதிலும்.

இதற்கு வழி, பேக்கப்பில் உள்ளவற்றின் பட்டியலை முதலில் ஒரு கோப்பில் எடுத்துக்கொள்வது. ஒரு பொருளுக்கு ஒரு வரி: அட்டவணை, தரவு, இன்டெக்ஸ், உரிமை எனத் தனித்தனியாக. வேண்டாத வரியின் முன் ஓர் அரைப்புள்ளி வைத்தால் அது விலக்கப்படும். தம்பி அந்தப் பட்டியலில் உறுப்பினர் சார்ந்த வரிகளைத் தவிர மற்றவற்றுக்கெல்லாம் அரைப்புள்ளி வைத்து மீண்டும் ஓட்ட, இம்முறை சாவியும் இன்டெக்ஸும் சேர்ந்தே வந்தன.

ஜூன் 22, சனி

வெற்றுக் கணினி ஒன்றில் முழுத் தரவுத்தளத்தையும் மீட்டபோது, ரோல் (பயனர் கணக்கு) இல்லை என்ற பிழைகள் வரிசையாக வந்தன. பயனர்களும் அவர்களின் கடவுச்சொற்களும் எந்த ஒரு தரவுத்தளத்துக்கும் உரியவை அல்ல என்பதால் பிஜிடம்ப் அவற்றைத் தொடுவதில்லை. பிஜிடம்ப்ஆல் கட்டளையால் தனியே எடுக்க வேண்டும், அது எங்களுக்கு எஸ்கியூஎல் உரையாகத்தான் தருகிறது. ஆகவே குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் இரவுக்கு இப்போது மூன்று வரிகள்: தரவு முழுவதும் கஸ்டம் வடிவில், ரோல்கள் உரையாக, அட்டவணைகளின் அமைப்பு மட்டும் இன்னோர் உரைக்கோப்பாக. மூன்றாவது மீட்பதற்கு அன்று; நேற்றைக்கும் இன்றைக்கும் அட்டவணை அமைப்பில் என்ன மாறியது என்று, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அடுத்த ஒத்திகையைத் தம்பியே தனியாகச் செய்வதாகச் சொல்லியிருக்கிறான், ஜூலை முதல் சனிக்கிழமை.