205-5000: யமனோத்தேயில் பிறந்து ஜகார்த்தாவில் ஓடும் ரேக்

2025 மே 6
205 தொடர் என்ற மின்சார ரயில் 1985இல் டோக்கியோவின் யமனோத்தே வட்டப் பாதையில் இறங்கியது. 20 மீட்டர் பெட்டி, பக்கத்துக்கு நான்கு கதவு, 120 கிலோவாட் டிசி (நேர் மின்னோட்ட) மோட்டார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உடம்பு. துருவுக்காகச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் வேலையே கிடையாது. நாற்பது வருடம் தாங்கியதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மே 9
2002 முதல் யமனோத்தேக்கு ஈ231-500 என்ற புது ரக ரயில் வர, 205கள் மற்ற பாதைகளுக்குப் பிரிந்தன. டோக்கியோ புறநகரின் முசாஷினோ பாதையில் அதுவரை 8 பெட்டி ரேக்கில் (ஒன்றாகக் கோத்து ஓட்டும் பெட்டித் தொகுதி) 6 மோட்டார் பெட்டி, 2 டிரெய்லர், அதாவது மோட்டார் இல்லாத பெட்டி. கழன்று வந்த மோட்டார் பெட்டிகளுக்கோ எல்லாப் பக்கமும் கிராக்கி. ஆகவே பாதிக்குப் பாதி, 4 மோட்டார் 4 டிரெய்லர் என்று வைத்து, டிசி மோட்டாரை எடுத்துவிட்டு, டிசியை ஏசியாக்கும் இன்வெர்ட்டரும் அந்த ஏசியில் ஓடும் இண்டக்ஷன் மோட்டாரும் பொருத்தினார்கள். டிசி மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷை மாற்றுவது, அது உரசும் கம்யூட்டேட்டர் வளையத்தைத் தேய்ப்பது இரண்டும் ஒழிந்தன. 205-5000 என்பது இந்த அவதாரம். என் கணக்கில் இதுவே நல்ல 205.

மே 15
முசாஷினோவிலிருந்து 2018–2020இல் 42 ரேக், 336 பெட்டி ஜகார்த்தா போயின. நீகாத்தா துறைமுகப் பக்கம்வரை இழுத்தது ஈஎஃப்64 இன்ஜின். எல்லா ஈஎஃப்64உம் ஆகாது. சரக்கு இன்ஜின் கப்ளர் (பெட்டிகளைக் கோக்கும் கொக்கி) வேறு, 205இன் கப்ளர் வேறு, ஒன்றோடொன்று கொக்காது. 1030, 1031, 1032 எண் இன்ஜின்களில் மட்டும் இரட்டைத் தலை கப்ளர். தலையைத் திருப்பினால் அடுத்த வகை முன்னால் வரும். பிரேக்கிலும் அதே சிக்கல். 205 பிரேக் பிடிப்பது மின் கட்டளைக்கு, இன்ஜினின் காற்றுக்குழாய் அழுத்தத்துக்கு அல்ல. அதற்கான ஜம்பர் (மின் கேபிள்) இணைப்பும் இந்த மூன்றில் உண்டு.

மே 16
ஜகார்த்தாவிலும் 1,500 வோல்ட் டிசி, 1,067 மி.மீ. கேஜ் (தண்டவாள இடைவெளி), ஜப்பானில் போலவே. கூரையில் மின்சாரம் எடுக்கும் பாண்டோகிராஃபையோ, போகி எனும் சக்கரச் சட்டத்தையோ தொட வேண்டியதில்லை. மாற்றியவை: கல்லெறிக்கு முன்கண்ணாடியில் கம்பி வலை, தாழ்ந்த பிளாட்பாரங்களுக்குக் கதவடியில் படி, சிவப்பு–மஞ்சள் நிறம். இரு முனைப் பெட்டிகளும் பெண்களுக்கு.

12 பெட்டி ரேக் கட்டுவதில்தான் குடைச்சல். மூன்று 8 பெட்டி ரேக்கைக் கலைத்தால் இரண்டு 12 வரும்: ஒவ்வொன்றிலும் 6 மோட்டார், 6 டிரெய்லர். இழுவை விகிதம் கெடாது. ஆனால் ஓட்டுநர் அறை கொண்ட பெட்டி 6 இருக்கும், தேவை 4தான். மிச்ச இரண்டை நடுவில் வெறும் டிரெய்லராகக் கோக்க வேண்டும். ஓட்டுநர் அறை அளவுக்கு நிற்கும் இடம் போகும், அடுத்த பெட்டிக்கு நடந்து போகும் வழியும் அடைபடும்.

மே 28
டிசி மோட்டார் ரேக்குகளுக்கு வெள்ளம்தான் எமன். தண்டவாளத்துக்கு மேல் நீர் நின்றால் தரையடி மோட்டாருக்குள் ஈரம் ஏறும். காயாமல் மின்சாரம் கொடுத்தால் கம்யூட்டேட்டரில் பொறி பாய்ந்து கருகும். இன்வெர்ட்டர் ரேக்கில் அந்தப் பயம் குறைவு. அங்கே படுத்துவது கட்டுப்பாட்டு கார்டுகளும் பவர் செமிகண்டக்டர்களும். உற்பத்தி நின்றுபோன பாகத்துக்கு நிறுத்தப்பட்ட இன்னொரு ரேக்தான் கடை.

ஜூன் 4
ஜகார்த்தாவுக்கு ஜப்பானின் பழைய ஈ217 ரகத்தில் 348 பெட்டி வாங்கும் திட்டத்துக்கு 2023இல் இந்தோனேசிய அரசு ஒப்பவில்லை. புது ரேக்குகள் உள்நாட்டு ரயில் ஆலை இன்காவிடமிருந்தும் சீனாவின் சிஆர்ஆர்சியிடமிருந்தும். கழித்த பழைய பெட்டிகள் புர்வகர்த்தா ஸ்டேஷன் ஓரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டன.