சாம்பலுக்கும் இன்சூரன்ஸ் உண்டு: ஐஸ்லாந்தில் ஒரு கார்ப் பயணம்

ஐஸ்லாந்தில் வாடகைக் கார் எடுக்கப் போனால் கவுண்டரில் நீட்டும் இன்சூரன்ஸ் பட்டியல் நீளமானது. முன்கண்ணாடியில் ஜல்லி தெறித்தால் ஒன்று, திருட்டுக்கு ஒன்று, அப்புறம் மணலுக்கும் சாம்பலுக்கும் சேர்த்துத் தனியாக ஒன்று. காற்று வலுத்து அடிக்கும் நாளில் தென்கரையின் கறுப்பு மணலும் பழைய எரிமலைச் சாம்பலும் பறந்து வந்து காரின் பெயிண்டையே உரித்துவிடுமாம். எதிலும் சேராத இரண்டு விஷயங்களையும் அங்கேயே சொல்லிவிடுகிறார்கள்: காற்று பிடுங்கி மடக்கிவிடும் கதவு, ஆற்றுக்குள் இறக்கியதால் கெட்டுப்போகும் இன்ஜின். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் மச்சினன் மறக்காமல் சொல்வான், "மாமா, கதவக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு எறங்குங்க."

போனது நான், மனைவி, ஜெர்மனியில் வேலை பார்க்கும் மச்சினன். ஜூன் கடைசி வாரம். பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருக்கும், நள்ளிரவில் லேசாக மங்கும், முழுசாக இருட்டாது. இருட்டுவதற்குள் போய்ச் சேரவேண்டும் என்ற கவலை இல்லாததால் நினைத்த இடத்தில் நிறுத்திப் பார்க்கலாம். தூக்கம்தான் கெடும். இவ்வளவு வெளிச்சத்திலும் முகப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கவேண்டும், சட்டம் அப்படி. தார் ரோட்டில் 90, ஜல்லி ரோட்டில் 80. கோவையில் ஓட்டிப் பழகிய எனக்கு வலது பக்க ரோடு சீக்கிரமே கைவந்துவிட்டது. ஒருவழிப் பாலங்கள்தான் ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கலக்கின. நாட்டைச் சுற்றிவரும் ஒன்றாம் எண் சாலையிலேயே, 1,300 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தில், அப்படிப்பட்ட பாலங்கள் இன்னும் இருக்கின்றன. பாலத்துக்கு யார் கிட்டத்தில் வந்துவிட்டார்களோ அவர்களுக்கு முதல் வழி. யாரும் ஹாரன் அடிப்பதில்லை.

திங்வெட்லிருக்கு எல்லோரும் போகிறார்கள், நாங்களும் போனோம். 930-இல் நாட்டின் பொதுச்சபை முதலில் கூடிய இடம். பூமியின் மேலோட்டுப் பாளங்களான வட அமெரிக்கத் தட்டும் யுரேசியத் தட்டும் ஆண்டுக்குச் சராசரி 2 சென்டிமீட்டர் வீதம் விலகிக்கொண்டிருக்கும் பிளவுக்குள் நடக்கலாம். அந்தக் கணக்கில் சபை கூடிய காலத்திலிருந்து நாடு மொத்தத்தில் இருபது மீட்டருக்கு மேல் அகலமாகியிருக்கும் என்று மச்சினன் போனில் பெருக்கிச் சொன்னான். இடம் நல்ல இடம்தான். பேருந்துகள் அதிகம். அருவிகளைப் பற்றியும் நான் இங்கே எழுதப் போவதில்லை, அவற்றுக்குப் போட்டோக்களே போதும். என்னைப் பிடித்துக்கொண்டது ரோட்டின் இரண்டு பக்கமும் மணிக்கணக்காகக் கூடவே வரும் லாவா. கொஞ்சம் பழகியதும் ஜன்னல் வழியாகவே அதன் வயதைச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தோம். மொட்டைக் கறுப்பாகக் கிடந்தால் புதிது. சாம்பல் நிறப் படலம் ஒட்டியிருந்தால் சில பத்தாண்டு. மெத்தை மாதிரி பாசி மூடியிருந்தால் இருநூறு, முந்நூறு வருடம். புல்லும் குட்டை மரமும் வந்துவிட்டால் ஆயிரக் கணக்கில்.

தென்கரையில் லாண்டெய்யாஹப்ன் துறையிலிருந்து ஹெய்மாய் தீவுக்குக் கப்பல் போகிறது, முக்கால் மணி நேரம்கூட ஆகாது. காரையும் ஏற்றலாம், ஆனால் ஊர் நடந்தே பார்க்கக்கூடிய அளவுதான். 1973 ஜனவரி 23 அன்று, நள்ளிரவு தாண்டி இரண்டு மணிவாக்கில், எரிமலை என்று யாரும் நினைத்திராத மேய்ச்சல் நிலத்தில் தரை ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்து நெருப்பு கிளம்பியது. ஊருக்குப் பக்கத்திலேயே. முந்தின நாள் புயலென்று மீன்பிடிப் படகுகள் எல்லாம் கடலுக்குப் போகாமல் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. அதனால் ஊரிலிருந்த ஐயாயிரத்துச் சொச்சம் பேரும் விடிவதற்குள் பெரும்பாலும் படகேறி வெளியேறிவிட்டார்கள்.

அதோடு விட்டிருந்தால் ஊர் போயிருக்கும். மீன்பிடித் துறைமுகம்தான் அந்தத் தீவுக்குச் சோறு. லாவா நகர்ந்து நகர்ந்து துறைமுகத்தின் வாயை அடைக்கப் பார்த்தது. அதன் மேல் கடல்நீரைக் குழாய் வைத்து மாதக் கணக்கில் பீய்ச்சியடித்து முகப்பை உறைய வைத்தார்கள். ஜூலையில் எரிமலை அடங்கியபோது நானூறு கட்டடங்கள் வரை அழிந்திருந்தன. தீவு 2 சதுர கிலோமீட்டருக்கு மேல் பெரிதாகியிருந்தது. துறைமுகத்துக்கு முன்பைவிட நல்ல அலைத்தடுப்பு கிடைத்திருந்தது! சனம் திரும்பி வந்தது, சாம்பலை அள்ளியது, ஆறாத லாவாவின் சூட்டைக் குழாயில் இழுத்துப் பல வருடம் வீடுகளைச் சூடாக்கிக்கொண்டது. சாம்பலுக்குள்ளிருந்து தோண்டியெடுத்த வீடு ஒன்றைச் சுற்றி எல்ட்ஹெய்மார் என்ற அருங்காட்சியகத்தைக் கட்டியிருக்கிறார்கள். மனைவி அந்த வீட்டின் முன்னாலேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டாள். அன்றைக்குப் பிறந்த எல்ட்ஃபெல் குன்றில் அரைமணி நேரத்தில் ஏறிவிடலாம். உச்சியில் செம்மண் நிறச் சரளையைக் கொஞ்சம் விலக்கிக் கை வைத்தால் இன்னும் இளஞ்சூடு.

கப்பலில் திரும்பிக் கிழக்கே ஓட்டினால் இடப்பக்கம் ஏயாஃப்யாட்லயோகுட்ல் வரும். 2010-இல் சாம்பல் கக்கி ஐரோப்பா முழுக்க விமானங்களைத் தரையில் உட்கார வைத்த மலை. வெயிலில் சாதுவான வெள்ளைத் தொப்பியோடு நிற்கிறது. உள்ளூர்க்காரர்கள் பயப்படுவது அதற்கு இல்லை, பக்கத்தில் மிர்தால்ஸ்யோகுட்ல் பனிக்குக் கீழே கிடக்கும் கட்லாவுக்கு. கடைசியாகப் பெரிதாக வெடித்தது 1918-இல். பனிக்கு அடியில் எரிமலை வெடித்தால் லாவாவுக்கு முன்னால் வெள்ளம் வரும், அதுதான் ஆபத்து. வீக் கிராமத்தில் மேட்டின் மேல் சிவப்புக் கூரையோடு தேவாலயம் ஒன்று இருக்கிறது. எச்சரிக்கை வந்தால் ஊரே ஏறவேண்டிய இடம் அது. கீழே ரெய்னிஸ்ஃப்யாரா கறுப்பு மணற்கரையில் அலைக்கு முதுகைக் காட்டி யாரும் நிற்கக்கூடாது. திடீரென்று பெரிய அலை வந்து இழுத்துப்போய் உயிர்கள் போயிருக்கின்றன. எச்சரிக்கைப் பலகையை ஒட்டியே நின்று செல்ஃபி எடுக்கும் கூட்டம் அங்கேயும் உண்டு.

வீக்கைத் தாண்டியதும் மூலாக்விஸ்ல் ஆற்றுப் பாலம். 2011 ஜூலையில் கட்லா பக்கமிருந்து வந்த வெள்ளம் பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. சுற்றுலாக் காலத்தின் உச்சம், நாட்டைச் சுற்றும் ஒரே சாலை. பெரிய லாரிகளின் முதுகில் கார்களை ஏற்றி ஆற்றைக் கடக்க வைத்தார்கள், ஒரு வாரத்தில் தற்காலிகப் பாலமும் போட்டுவிட்டார்கள்.

அப்புறம் எல்ட்ஹ்ரவுன். இந்த ஒரு இடத்துக்காகவே மறுபடி போவேன். கண்ணுக்கு எட்டிய தூரம் சாம்பல் கலந்த பச்சைப் பாசி, அதற்கடியில் முண்டும் முடிச்சுமாகப் பாறை. மழை பெய்து ஓய்ந்த நேரம் என்பதால் பச்சை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. எல்லாம் 1783 ஜூனில் லாகிப் பிளவு திறந்து எட்டு மாதம் கொட்டியது. பிளவின் நீளம் 25 கிலோமீட்டருக்கு மேல், லாவா மூடிய பரப்பு 550 சதுர கிலோமீட்டருக்கு மேல். கொன்றது லாவா இல்லை. அதோடு வந்த கந்தக வாயுவும் ஃபுளோரினும் புல்லில் படிந்தன, மேய்ந்த ஆடுகள் பெரும்பாலும் செத்தன, மாடுகளும் குதிரைகளும் பாதிக்குப் பாதி போயின, அப்புறம் பஞ்சம். ஐம்பதாயிரம் பேர் அளவில் இருந்த நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்தார்கள். நாட்டையே காலிசெய்து மக்களை டென்மார்க்குக்குக் கொண்டுபோகலாமா என்றுகூடப் பேச்சு இருந்ததாகச் சொல்கிறார்கள்.

பக்கத்து ஊரான கிர்க்யுபையார்க்ளெஸ்துரில் யோன் ஸ்டெய்ன்கிரிம்சன் என்ற பாதிரியார் இருந்தார். 1783 ஜூலை 20 ஞாயிறன்று, லாவா ஊரை நெருங்கிக்கொண்டிருந்தபோது, சனங்களைக் கோயிலுக்குள் கூட்டி நீண்ட பிரசங்கம் செய்தார். வெளியே வந்து பார்த்தால் லாவா மேற்கொண்டு வராமல் நின்றிருந்தது. ஆற்றுத் தண்ணீர் அதை உறைய வைத்துவிட்டது என்பது விளக்கம், ஊருக்கு அது பாதிரியாரின் பிரார்த்தனை. அந்த எட்டு மாதத்தையும் பார்த்துப் பார்த்து எழுதிவைத்தவரும் அவரே, எரிமலை ஆய்வாளர்கள் இன்றைக்கும் அந்தக் குறிப்புகளைத் தேடிப் படிக்கிறார்கள். அவர் பெயரில் ஊரில் ஒரு சிறு தேவாலயம் இருக்கிறது.

பாசியின் மேல் கால் வைக்கக்கூடாது. மிதித்த தடம் ஆற வருடக் கணக்காகும். எங்களுக்கு முன்னால் யாரோ இறங்கி நடந்த தடம் பழுப்பாகச் செத்துக் கிடந்தது. "இருநூத்தம்பது வருஷமா வளந்தத ஒரு போட்டோவுக்காக மிதிச்சிருக்காங்க" என்று மனைவி திட்டித் தீர்த்தாள். ரோட்டோரம் வண்டி நிறுத்தக் குறித்த இடங்கள் இருக்கின்றன, அங்கே நின்று பார்த்தாலே போதும்.

அதற்கும் கிழக்கே ஸ்கெய்தாரர்சாந்துர் மணல்வெளி. பனியாறுகள் கொண்டுவந்து கொட்டிய கறுப்புச் சமவெளி, ரோடு நேர்கோடாகப் போகிறது. 1974-இல் இங்கே பாலங்கள் வந்த பிறகுதான் ஒன்றாம் எண் சாலையே வட்டமாகச் சேர்ந்தது. அதுவரை அதற்குக் கிழக்கே இருக்கும் ஹப்ன் ஊர்க்காரர்கள் தலைநகர் ரெய்க்யவிக்குக்குக் காரில் போகவேண்டுமென்றால் வடக்கே சுற்ற வேண்டும். 1996 இலையுதிர் காலத்தில் வட்னயோகுட்ல் பனிக்கு அடியில் ஒரு வெடிப்பு. உருகிய நீர் ஒரு மாதம் பனிக்குள்ளேயே தேங்கி நவம்பர் 5 அன்று உடைத்துக்கொண்டு வந்தது. உச்சத்தில் நொடிக்கு ஏறக்குறைய 50,000 கன மீட்டர். வருவது தெரிந்து ரோட்டை மூடிவிட்டதால் ஆளுக்குச் சேதமில்லை. ஒரு பாலம் முழுசாகப் போனது, இன்னொன்றில் ஒரு பகுதி. முறுக்கிப்போன இரும்பு உத்தரங்கள் இரண்டை ரோட்டோரமே வைத்திருக்கிறார்கள். மச்சினன் கட்டுமானத் துறைக்காரன், அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிழக்குக் கரை வளைந்து வளைந்து போகும், அழகு, தூக்கம் வரும். சாப்பாடு பற்றிக் கேட்பவர்களுக்கு: விலை அதிகம். சமையலறையோடு கூடிய தங்குமிடமாகப் பிடித்து, போனஸ் சூப்பர் மார்க்கெட்டில் காய்கறி வாங்கி, கொண்டுபோன புளிக்காய்ச்சலையும் பருப்புப் பொடியையும் வைத்துச் சமாளித்தோம். மதியத்துக்கு ஸ்கீர் தயிர். ஆட்டிறைச்சி சூப் அருமை என்று ஆண்கள் இருவரும் சான்று சொல்வோம், மனைவி சைவம். ஆளில்லாத பெட்ரோல் பம்புகளில் கார்டின் ரகசிய எண்ணை (PIN) கேட்கும், கிளம்பும் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வடக்கே மீவத்ன் ஏரி. எங்கள் வயதுக் கணக்கு இங்கே செல்லவில்லை. வட்னயோகுட்லின் மழை மறைவு என்பதால் வறண்ட பூமி, பாசி மெதுவாகத்தான் வளரும். 1720-களில் வந்த லாவா இன்னும் மொட்டையாகவே கிடக்கிறது. தெற்கில் அதே வயதுப் பாறை மெத்தை போட்டுக்கொண்டிருக்கும். ரெய்க்யாலீத் ஊரில் 1729-இல் அந்த லாவா பண்ணைகளை அழித்து, தேவாலயத்தை மட்டும் சுற்றிக்கொண்டு இரண்டாகப் பிரிந்து போனது. இப்போதுள்ள கட்டடம் புதிது, சுற்றி நிற்கும் பாறை அதே பாறைதான்.

க்வெரிரில் காரை விட்டு இறங்கியதுமே அழுகின முட்டை நாற்றம். சாம்பல் நிறச் சேறு அடுப்பில் வைத்த கேழ்வரகுக் களி மாதிரி மொத்து மொத்தென்று கொதிக்கிறது. கயிறு கட்டிய பாதையை விட்டு விலகினால் மேல்தரை உடைந்து கால் வெந்துவிடும். பக்கத்து க்ரப்லா எரிமலையில் 1975-இலிருந்து 1984 வரை ஒன்பது முறை லாவா வந்தது, பூமிக்குள்ளிருந்து வரும் நீராவியில் ஓடும் மின்நிலையம் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில். கட்டுவதை அவர்கள் நிறுத்தவில்லை. 1977-இல் அருகே வேறொரு நீராவிக் கிணற்றின் குழாய் வழியாகவே கொஞ்சம் லாவா வெளியே வந்து விழுந்தது. 2009-இல் இன்னும் ஆழத்துக்கு வெப்பம் தேடித் துளையிட்டபோது இரண்டு கிலோமீட்டர் ஆழத்திலேயே துரப்பணம் பாறைக்குழம்பில் போய் முட்டியது. அதே சூட்டில் மண்ணுக்குள் புதைத்து ஒரு நாள் வேகவைக்கும் ரை (rye) தானிய ரொட்டியை ஊருக்குள் விற்கிறார்கள், கறுப்பாக, இனிப்பாக, வெண்ணெய் வைத்து. மனைவிக்கு அந்த நாட்டிலேயே பிடித்த பண்டம் அதுதான். ஏரிக்கரையில் கொசு மாதிரிப் பூச்சிகள் மூக்குக்குள் போகும், தலைக்கு வலை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ரெய்க்யானெஸ் தீபகற்பம். விமான நிலையமும் அங்கேதான். எண்ணூறு வருடம் போல் தூங்கிய இடம் 2021-இல் எழுந்தது. 2023 நவம்பர் 10 இரவு கிரிந்தாவிக் ஊரின் 3,800 பேர் அளவிலான சனத்தை வெளியேற்றினார்கள், டிசம்பரிலிருந்து அடுத்தடுத்து வெடிப்புகள். 2024 ஜனவரி 14 அன்று ஊர் ஓரத்திலேயே பிளவு திறந்து மூன்று வீடுகள் எரிந்தன. அடுத்த மாதம் லாவா வெந்நீர்க் குழாயை அறுத்துவிட்டதால் தீபகற்பம் முழுக்கக் குளிர்காலத்தில் வீடுகள் சில்லிட்டன. பிறகு 2024 நவம்பரில் புகழ்பெற்ற ப்ளூ லகூன் வெந்நீர்க் குளத்தின் கார் நிறுத்துமிடம் லாவாவுக்கு அடியில் போனது. குளம் தப்பியது, இன்றும் கூட்டத்துக்குக் குறைவில்லை. அது ஸ்வார்ட்செங்கி மின்நிலையத்தின் கழிவு நீரால் உண்டானது என்று தெரிந்த பிறகு அந்த விலை கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

கிரிந்தாவிக் ஊருக்குப் போகும் ரோடு பலமுறை லாவாவில் புதைந்து பலமுறை அதன் மேலேயே போடப்பட்டது. இரண்டு பக்கமும் பாசியில்லாத, புல்லில்லாத, மொட்டைக் கறுப்பு. மழைத்துளி விழுந்த இடங்களில் ஆவி எழுந்தது. ஊருக்கு வெளியே லாவாவைத் திருப்பிவிட இயந்திரங்கள் வைத்துக் குவித்த மண்கரைகள். திறந்திருந்த ஒரு கடையில் காபி குடித்தோம். கடைக்காரம்மா வீட்டை அரசுக்கு விற்றுவிட்டு வேறு ஊரில் குடியிருக்கிறார், பகலில் வந்து கடை திறக்கிறார். பயமில்லையா என்று மச்சினன் கேட்டான். "போன்ல அலாரம் வரும், வந்தா கிளம்பிடுவேன்" என்ற தோரணையில் பதில் சொல்லிவிட்டு இன்னொரு காபி வேண்டுமா என்று கேட்டார்.

லாகிப் பிளவின் வாய்களை மட்டும் பார்க்கவில்லை. அதற்கு எஃப் 206 ரோட்டில் போகவேண்டும், வழியில் ஆறுகளுக்குள் இறக்கி ஏற்றவேண்டும், பனி உருகி ரோடு திறப்பதே ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ. போக நினைப்பவர்கள் ஜூலை பாதிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், உயரமான வண்டியாக எடுங்கள், கிளம்பும் காலையில் சாலைத் துறையின் வரைபடத்தைப் பாருங்கள். மச்சினன் இப்போதே வண்டி வாடகை விசாரித்து அனுப்பிக்கொண்டிருக்கிறான். தான் வருவதாகவும், ஆறு வரும் இடங்களில் கரையிலேயே இறங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போவதற்கு வேறு யார் வண்டியாவது வருகிறதா என்று பார்ப்பதாகவும் மனைவி சொல்லியிருக்கிறாள்.