மாசிக்களரியில் சொந்தம் தேடப் போகிறவர்களுக்கு

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு 450 ரூபாய் என்றார் ஒரு ஆட்டோக்காரர். விடியக்காலை, கையில் மூட்டைமுடிச்சு, கூட வயசானவர்கள். பார்த்ததுமே மாசிக்களரிக்கு, அதாவது சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட வந்த வெளியூர்க் கூட்டம் என்று தெரிந்துவிடுகிறது, ரேட்டும் ஏறிவிடுகிறது. ஏறாதீர்கள். டவுன் பஸ் இருக்கிறது, சாதாரணக் கட்டண வண்டியில் பெண்களுக்குக் காசே கிடையாது.

உசிலம்பட்டி, ஆண்டிபட்டிப் பக்கம் கோயில் உள்ளவர்களுக்கு ரயிலே மேல். மதுரை-போடி பாதையை அகலப்பாதையாக மாற்றி 2022இல் தேனி வரைக்கும், 2023இல் போடி வரைக்கும் ஓட ஆரம்பித்துவிட்டது. அதை விட்டுவிட்டு பஸ்தான் என்று அடம்பிடித்தால் நாற்பது கிலோமீட்டரும் ஒற்றைக்காலில் நிற்க வேண்டியதுதான். செக்கானூரணியில் ஏறிய ஒரு கிடாக்குட்டி, முன்னால் நின்றவர் கையிலிருந்த சாமி மாலையை உசிலம்பட்டி வருவதற்குள் பாதி தின்றுவிட்டது. கண்டக்டர் உட்பட யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கொடிவழி, அதாவது வம்சாவளி தேடி வருகிறவர்கள் இரண்டு வேலை செய்கிறார்கள். ஒன்று, வந்த மறுநாளே தாலுகா ஆபீஸில் போய் நிற்பது. இன்னொன்று, மதுரையில் ஏசி ஹால் பிடித்து ஆளுக்கொரு பனியன் அடித்துக் குடும்ப சங்கமம் போடுவது. இரண்டுமே தண்டம். உங்கள் பங்காளிகள் எல்லாரும் வருஷத்தில் ஒரு ராத்திரி, சிவராத்திரிக்கு, தானாகவே குலசாமி கோயிலில் கூடுகிறார்கள். உங்கள் பாட்டன் பெயர் எழுதிய நோட்டும் அன்றைக்கு அங்கே வெளியே வருகிறது. ஹால் வாடகையைக் கிடாவுக்குப் போடுங்கள்.

அந்த நோட்டு வரி நோட்டு. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. இந்த மாசியில் நாங்கள் போன கோயிலில் 1,500. அப்பன் பெயரோடு மகன் பெயர், வகையறா வாரியாக, வருஷா வருஷம் எழுதிவருவது. நாலைந்து பழைய நோட்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று தலைமுறை வந்துவிடும். எந்த வருஷத்தில் ஒரு பெயர் மறைந்து அதே இடத்தில் மகன் பெயர் வருகிறதோ, அதை ஒட்டித்தான் சாவு.

முதலில் வரியைக் கட்டுங்கள், பிறகு நோட்டைக் கேளுங்கள். அப்பா காலத்திலிருந்து கட்டாத பாக்கி இருந்தால் அதையும் கேட்பார்கள். பேரம் பேசலாம், முறைத்துக்கொள்ளக் கூடாது. நடுராத்திரி பூசை நேரத்தில் நோட்டைக் கேட்டால் திட்டுதான் கிடைக்கும். மறுநாள் காலை, கிடா வெட்டி அடுப்பேற்றிய பிறகு கறி வேகும்வரை யாருக்கும் வேலை இல்லை. கணக்கு எழுதுகிறவர் வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார். அதுதான் நேரம். வெளிச்சமும் நன்றாக இருக்கும், பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

போகும்போது தாத்தாவின் ஆதார் பெயரை மட்டும் கொண்டுபோனால் யாருக்கும் தெரியாது. பட்டப்பெயர் வேண்டும். எந்த வகையறா, எந்தத் தெரு, கிணற்றுக்குப் பேர் இருந்தால் அந்தப் பேர், பழைய போட்டோ ஒன்று. இவ்வளவும் இருந்தால் ஐந்து நிமிஷத்தில் உங்களைப் பங்காளியா மாமன் மச்சானா என்று பிரித்துவிடுவார்கள். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற ஊர் என்பதால் ஒரு சிக்கல் உண்டு. கருப்பையா மகன் மாயாண்டி, மாயாண்டி மகன் கருப்பையா என்று மாறி மாறி வரும். மனைவி பெயரையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளாவிட்டால் தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆளாக்கிவிடுவீர்கள்.

நோட்டு நூறு வருஷத்துக்கு முன்னால் போகாது. அதற்குமேல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ‘இந்தச் சாமிக்குப் பிடிமண் எங்கேயிருந்து வந்தது?’ பஞ்சத்திலோ பகையிலோ ஊரைவிட்டு வந்தவர்கள் மூலக்கோயில் மண்ணைப் பிடி எடுத்துவந்து புது ஊரில் கோயில் வைத்தார்கள். பூசாரிக்கு அந்த ஊர்ப் பெயர் தெரியும், சாமியாடி வர்ணிப்பிலும் வரும். அந்த மூலக்கோயிலுக்குப் போனால் இன்னொரு நோட்டு, இன்னொரு கூட்டம் பங்காளி.

கறிச்சோற்றைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். பதினைந்து கிலோ உயிர் எடைக் கிடாவில் ஏழு கிலோ கறி தேறும், குழம்பாக வைத்தால் அறுபது பேர் சாப்பிடலாம். சமையல் பூராவும் ஆம்பளைகள், விறகு அடுப்பு, மல்லியும் சீரகமும் மிளகும் அங்கேயே வறுத்து அரைப்பு. எலும்புக் குழம்பு தனியாக, குடல் தனியாக, ரத்தப் பொரியலில் சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பூவும். மதுரையில் எந்த பிரியாணிக் கடையிலும் அந்தக் குழம்பு கிடைக்காது. பல கோயில்களில் மிச்சத்தை எல்லை தாண்டி எடுத்துப்போகக் கூடாது, அதனால் டிபன் பாக்ஸ் நீட்டாதீர்கள். குடும்பத்தோடு கிளம்புமுன் அந்தக் கோயில் வழக்கத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். திருமங்கலம் பக்கம் அனுப்பப்பட்டி கரும்பாறை முத்தையா கோயில் விருந்து ஆண்களுக்கு மட்டும். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் அங்கே போய் விவாதம் பண்ணிப் பயனில்லை.

பெண்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். வரி நோட்டில் பாட்டி கிடையாது, அத்தை கிடையாது. ஊரைவிட்டுக் கட்டிக்கொடுத்த பெண் எங்கே போனாள் என்று தேட வேண்டியது மொய் நோட்டில். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதால் நாற்பது வருஷத்து நோட்டுகூட டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கும். ‘எழுமலை, பெ.கருப்பையா, 11’ என்று ஊர் முதலில், ஆள் அடுத்து, தொகை கடைசியில். முதல் பக்கத்தில் தாய்மாமன் செய்முறை. அந்த ஒரு வரியில் அம்மா பிறந்த ஊரும் அம்மாவின் அண்ணன் தம்பியும் கிடைத்துவிடுகிறார்கள். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் மொய், ரசீதோடு. தேடச் சுலபம், ஆனால் பழசு வேண்டுமென்றால் கையெழுத்து நோட்டுதான்.

டிஎன்ஏ டெஸ்ட் பற்றியும் கேட்கிறார்கள். உசிலம்பட்டி பக்கம் ஜோதிமாணிக்கத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழு ரத்தம் எடுத்து, ஆப்பிரிக்காவிலிருந்து முதலில் கிளம்பியவர்களின் எம்130 மரபுக்குறியைக் கண்டது உண்மை. அது பல்லாயிரம் வருஷத்துக் கதை. உங்கள் பெரியப்பா வீடு எந்தத் தெரு என்று அது சொல்லாது.

காகிதம் கடைசியில். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அதிர்ஷ்டம்: செத்துப்போன தகப்பன், அண்ணன் தம்பிகள், மைனர் பிள்ளைகள் வரைக்கும் பெயர் இருக்கும். நான்கு எல்லையை விடாமல் படியுங்கள். ‘கிழக்கே இன்னார் புஞ்சை’ என்று வருகிற ஆள் பெரும்பாலும் பங்காளி, ஒரே நிலம் பிரிந்ததுதானே. ௲௯௱௩௰௨ என்று இருந்தால் 1932. தமிழ் வருஷம் மட்டும் போட்டிருந்தால் கவனம்: விகாரி என்பது 1899ஆகவும் இருக்கலாம், 1959ஆகவும் இருக்கலாம். 1975க்குப் பிந்திய வில்லங்கச் சான்றை, அதாவது சொத்தின் பத்திரப்பதிவு விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அதற்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் ஆபீஸில் மனு போட வேண்டும். எண்பதுகளில் நில அளவை மாறியபோது பல ஊர்களில் சர்வே எண்ணும் மாறிவிட்டது, ஆகவே பழைய எண்ணோடு போய் ‘இல்லை’ என்றால் திரும்பிவிடாதீர்கள். வி.ஏ.ஓ.விடம் ஊர் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் பழைய எண்ணுக்குப் புது எண் என்ன என்று கேளுங்கள். தாத்தாவின் பர்மா, மலேயாக் காகிதங்களில் மதுரை ஜில்லா என்று இருந்தால் மதுரையை மட்டும் சுற்றாதீர்கள். திண்டுக்கல்லும் தேனியும் அந்த ஜில்லாவில்தான் இருந்தன, 1910க்கு முன் என்றால் ராமநாதபுரத்துப் பகுதிகளும் சேரும்.

திருவிழா முடிந்த அன்று ராத்திரியே சென்னைக்குக் கிளம்ப நினைத்தால் ஆம்னி பஸ்காரர்கள் கேட்கிற விலைக்கு ஒரு கிடாவே வாங்கலாம். ஒரு நாள் தங்கி, அந்தப் பகலில் சார்பதிவாளர் ஆபீஸ் மனுவை முடித்துவிட்டு மறுநாள் கிளம்புங்கள்.